இருபத்தொன்றாம் பக்கம்

17 மார்ச் 2020, செவ்வாய்

நூலகத்தைப் பூட்டிவிட்டார்கள். மறு உத்தரவு வரும்வரை விடுமுறை என்று கதவில் ஒரு தாள். அதைக்கூட நேராக ஒட்டவில்லை. இரண்டு புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க அந்த வெயிலில் நடந்து போன எனக்கு அந்தக் கோணல் தாளைப் படித்துவிட்டு வந்ததுதான் மிச்சம்.

இந்த நோட்டின் முன்பக்கத்தில் வீட்டுக் கணக்கு எழுதிவருகிறேன். பால், காய்கறி, கோயில் விளக்குக்கு எண்ணெய். இன்றைக்கு மனசு ஆறவில்லை. அதனால் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து இதை எழுதுகிறேன். இவர் கணக்குப் பார்க்க எடுத்தால் முன்பக்கத்தைத்தான் புரட்டுவார்.

24 மார்ச், செவ்வாய்

இன்று சாயங்காலத்திலிருந்து யாரும் வெளியே போகக் கூடாதாம். கோயிலையும் சாத்திவிட்டார்கள். சாமிக்கும் விடுமுறை, புத்தகத்துக்கும் விடுமுறை. எனக்கு மட்டும் அடுப்படியில் விடுமுறை கிடையாது.

இவர் டி.வி. முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மின்வாரியத்தில் போர்மேனாக இருந்தவரை வீட்டில் தங்கமாட்டார். இப்போது காப்பி, காப்பி என்று உயிரை வாங்குகிறார்.

29 மார்ச், ஞாயிறு

நூலகம் இல்லையென்றால் இவளுக்கு என்ன குடி முழுகிப் போயிற்று என்று யாரும் கேட்கலாம். எழுதி வைக்கிறேன்.

என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கல்யாணமாகி மேலச்செங்குளத்துக்கு வந்த பிறகுதான் இந்தக் கிளை நூலகத்தில் கார்டு போட்டேன். மற்றதெல்லாம் அங்கே நானாகப் படித்துக்கொண்டது. எங்கள் நூலகத்தில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தால் ஏதாவது ஒரு பக்கத்தில் பென்சிலால் சின்ன அடையாளம் போட்டுவிடுவோம். மறந்துபோய் அதையே மறுபடியும் எடுத்துவிடாமல் இருக்க. தபால்காரராக இருந்த மாசிலாமணி அண்ணாச்சி எழுபதாம் பக்கத்தில் ஒரு முக்கோணம் போடுவார். புத்தகத்தில் எழுதினால் அபராதம் என்று சுவரில் போர்டு தொங்கும். போர்டு பாட்டுக்கு போர்டு, பென்சில் பாட்டுக்கு பென்சில்.

என் அடையாளம் பிள்ளையார் சுழி. இருபத்தொன்றாம் பக்கத்தின் கீழ் மூலையில் சின்னதாக ஓர் ‘உ’. நான் முடித்ததும் அடுத்து என் மகள் எடுப்பாள். அவள் முடித்ததும் என் சுழிக்கு மேலே ஒரு குருவி போடுவாள். குருவி என்றால் பிள்ளைகள் வானத்தில் வரைவார்களே, இரண்டு வளைவு, அதுதான். மூன்றாம் வகுப்பிலிருந்து அவள் பழக்கம் அது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் தனக்குப் பிடித்த பையனை ரிஜிஸ்தர் ஆபீசில் கட்டிக்கொண்டாள். பையன் எங்கள் ஆட்கள் இல்லை. அன்றைக்கு ராத்திரி இவர் தட்டில் சூடத்தைக் கொளுத்தி என் முன்னால் நீட்டினார். அதை அணைத்து நான் சொன்னது இது: அவள் முகத்தில் முழிக்க மாட்டேன். அவளோடு பேச மாட்டேன். அவள் வாசல்படி மிதிக்க மாட்டேன்.

சாமி முன்னால் சொன்ன சொல். மீறமாட்டேன், மீறவும் இல்லை. அவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வடக்குத் தெருவில் இருக்கிறாள் என்பது மட்டும் தெரியும். அவள் பேரை இந்த வீட்டில் சொல்வதில்லை. இங்கேயும் எழுதவில்லை.

ஆனால் போன வருஷம் புது வரவு அலமாரியில் ஒரு நாவலை எடுத்து வழக்கம்போல இருபத்தொன்றாம் பக்கத்தைத் திறந்தால் அங்கே ஒரு குருவி. புத்தகம் வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. பழைய குருவி இல்லை, புதுக் குருவி. அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்த நூலகர் ஜெசிந்தா மேடம், “என்னம்மா, தல சுத்துதா?” என்று கேட்டார். புத்தகத்தைப் படித்து முடித்துக் குருவிக்குக் கீழே என் சுழியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு அடுத்த புத்தகத்தில் குருவியின் வாலில் ஒரு புள்ளி இருந்தது. அவளும் பார்த்துவிட்டாள் என்று அர்த்தம்.

அப்போதிருந்து குருவி இருக்கும் புத்தகமாகத் தேடி எடுப்பேன். இல்லாததில் சுழி போட்டு வைப்பேன். குருவி இருந்தால் நன்றாக இருக்கிறாள். இவ்வளவுதான். இது சத்தியத்தில் வராது. ஒரு தடவைக்கு நாலு தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

இப்போது அதற்கும் பூட்டு.

11 ஏப்ரல், சனி

அரிசி வடகம் போட்டேன். காக்காய் கொத்திவிட்டது. விரட்டுவதற்கு ஒரு ஆள் மாடிக்கு வரமாட்டேன் என்கிறார்.

2 மே, சனி

கையிலிருக்கும் இரண்டு புத்தகத்தையும் மூன்றாம் தடவை படித்தாகிவிட்டது. ஒன்றில் கதாநாயகி இந்தத் தடவையும் புத்தியில்லாமல்தான் நடந்துகொண்டாள்.

19 ஜூன், வெள்ளி

விளக்கு வைக்கும் நேரத்தில் பால்காரர் சொல்லிவிட்டுப் போனார். வாய்க்காலுக்கு வடக்கே கம்பு கட்டித் தெருவை அடைத்துவிட்டார்களாம். ஒரு பெண்ணை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். சின்ன வயசாம்.

எந்த வீடு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் பால்காரர் பதில் சொல்வார். அதைச் சத்தியத்தில் சேர்க்கலாமா வேண்டாமா என்று நான் முடிவு பண்ணுவதற்குள் அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

இவர் மாடிக்குப் போய் பழைய ஆபீஸ் லைன்மேனுக்கு போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். “வடக்குத் தெருவுல கரண்டு ஒழுங்கா இருக்கா? எல்லா வீட்டுலயும் மீட்டர் ஓடுதா? ஓரத்து வீட்டுலயும் ஓடுதா?” என்று ஒரே விசாரணை. ரிட்டயராகி நாலு வருஷமான மனுஷனுக்கு எதற்கு இந்த வேலை? ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறது, இவருக்கு மீட்டர் ஓடுகிறதா என்பது முக்கியம். எனக்கு வந்த ஆத்திரத்தில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் அதையும் கவனிக்காமல் சாப்பிட்டார்.

20 ஜூன், சனி

தூங்கவில்லை. காலையில் ஜெசிந்தா மேடத்துக்கு போன் பண்ணினேன். நூலகத்துக்கு போன் பண்ணக் கூடாது என்று யாரிடமும் நான் சத்தியம் பண்ணவில்லை.

“எப்ப மேடம் திறப்பிய?”

“எனக்கே தெரியலம்மா. வாரத்துல ரெண்டு நாளு போயி தூசி தட்டிட்டு வாரோம். பூட்டியே கெடந்தா பூஞ்சை பிடிச்சிரும்லா. நீங்க கவலப்படாதிய, திறக்கும்போது லைப்ரரி புதுசு கணக்கா இருக்கும். சுத்தம் பண்ணுதோம்.”

புதுசு யாருக்கு வேண்டும்? இருந்தபடியே இருந்தால் போதும்.

24 ஜூலை, ஆடி வெள்ளி

மாவிளக்கு வீட்டிலேயே போட்டேன். வேண்டிக்கொண்டதை எழுதக் கூடாது.

1 செப்டம்பர், செவ்வாய்

திறந்தார்கள். எழுதவே கை கூசுகிறது, அவ்வளவு எரிச்சல்.

உள்ளே யாரையும் விடவில்லை. வாசல் கேட்டின் நடுவில் ஒரு மேசையைக் குறுக்கே போட்டு அதற்குப் பின்னால் ஜெசிந்தா மேடம் உட்கார்ந்திருக்கிறார். வெளியே தரையில் சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகப் போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வட்டம். என்ன புத்தகம் வேண்டும் என்று சொன்னால் உள்ளிருந்து எடுத்து வந்து மேசையில் வைப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டும்.

“புக்கு பேரு சொல்லுங்கம்மா.”

“பேரு தெரியாது. உள்ள வந்து பாத்துதான் எடுப்பேன்.”

“உள்ள வரக் கூடாது. எழுதுனவங்க பேராவது சொல்லுங்க.”

இத்தனை வருஷமாக யார் எழுதியது என்று பார்த்தா எடுத்தேன்? இருபத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்தல்லவா எடுத்தேன்? “ஏதாவது கொண்டாங்க, கடைசியா உள்ள வந்த புத்தகமாக் கொண்டாங்க” என்றேன். திரும்பி வருகிற புத்தகங்களை மூன்று நாள் அட்டைப்பெட்டியில் தனியாக வைத்துவிட்டுத்தான் வெளியே எடுப்பார்களாம். என் இரண்டையும் நீளக் கம்பால் தள்ளிப் பெட்டிக்குள் போட்டார்கள். செத்த எலியைத் தள்ளுகிற மாதிரி.

எனக்கு முந்தின வட்டத்தில் மாசிலாமணி அண்ணாச்சி. அவரும் புத்தகத்தை வாங்கி எழுபதாம் பக்கத்தைப் புரட்டிவிட்டு, “மேடம், நான் இத ஏற்கெனவே படிச்ச மாதிரி இருக்கு, ஆனா அடையாளத்தக் காணலையே” என்று விழித்தார். ஜெசிந்தா மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. மாஸ்க்குக்கு மேலேயே தெரிந்தது.

“எப்படிக் காணும்? நாங்க சும்மாவா இருந்தோம்? ரெண்டு மாசமா நானும் வாட்ச்மேன் அண்ணனும் உக்காந்து ஒவ்வொரு புக்கா எடுத்து, தொடச்சி, பென்சில் கிறுக்கல் அத்தனையும் ரப்பர் வச்சு அழிச்சிட்டோம்லா! ஒரு புக்கு விடல.”

எனக்குக் கொண்டுவந்த புத்தகத்தைத் திறந்தேன். அவள் ஆறாம் வகுப்பில் படித்தது. இருபத்தொன்றாம் பக்கம் வெள்ளையாக இருந்தது. கீழ் மூலையில் தாள் கொஞ்சம் தேய்ந்து போயிருந்தது. அவ்வளவுதான்.

மேடம் என்னவோ கேட்டார். சானிடைசர் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2 செப்டம்பர், புதன்

வேலை செய்கிறேன் என்று இருப்பதையெல்லாம் துடைத்து வைக்கிறவர்களை என்ன சொல்வது? திட்டவும் முடியாது. நல்லது பண்ணியதாக நினைத்துக்கொண்டு இருக்கிறார்.

நேற்றைய புத்தகத்தை வெயிலில் வைத்து, சாம்பிராணி காட்டினேன். ஓர் ஓரத்தில் லேசாகக் கருகிவிட்டது. இதற்கு ஒரு பேச்சு கேட்க வேண்டும்.

இருபத்தொன்றாம் பக்கத்தில் சுழி போட்டேன். இந்தத் தடவை பேனாவால். அழிக்கட்டும் பார்க்கலாம்.

10 செப்டம்பர், வியாழன்

புத்தகம் மாற்றினேன். குருவி இல்லை. பேனாச் சுழி போட்டேன்.

17 செப்டம்பர், வியாழன்

இல்லை. இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கினால் அவள் தொட்ட புத்தகம் எங்கே கையில் அகப்படப் போகிறது? கடலில் ஊசியைப் போட்டுவிட்டுக் கரண்டியால் துழாவுகிற கதை.

வடக்குத் தெருக் கம்பை எப்போதோ பிரித்துவிட்டார்கள். ஆம்புலன்சில் போனது யார் என்று யாரும் தானாகச் சொல்லவில்லை. இவர் ராத்திரி சாப்பிடும்போது, “இந்த வாரமும் நல்ல புக்கு கெடைக்கலையா?” என்று கேட்டார். என்றைக்கும் இல்லாத கேள்வி. “கெடைக்கல” என்றேன். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். ரசம் பிடிக்கவில்லை போல.

29 செப்டம்பர், செவ்வாய்

நூலகத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். போனேன். மேசையில் நான் திருப்பிக் கொடுத்த புத்தகங்கள் மூன்று, இருபத்தொன்றாம் பக்கம் விரித்தபடி.

“இது நீங்கதானம்மா? நீங்க திருப்புன புக்குல மட்டும் இருக்கு. பென்சில்னாக்கூடப் பரவாயில்ல. பேனாவால எழுதி வச்சிருக்கிய! ஒண்ணு கருகி வேற இருக்கு. நான் ஆபீசருக்கு என்ன பதில் சொல்ல?”

“அபராதம் போட்டுக்கிடுங்க.”

“அபராதத்துக்காகவா கூப்பிட்டேன்? எதுக்கு இப்படி ஒரு வீம்பு உங்களுக்கு? இந்தச் சுழிய அழிச்சு அழிச்சு எனக்குக் கை வலிச்சிட்டு. அது என்ன, இருபத்தொண்ணாம் பக்கம்னா உங்களுக்குப் பட்டா போட்டுக் குடுத்திருக்கா? சுழி, மேல ஒரு குருவி. சுழி, மேல ஒரு குருவி. ஏதோ சின்னப் பிள்ளைக வெளையாட்டுன்னு நெனச்சிட்டே அழிச்சேன். ஏன் சுழி மட்டும் திரும்ப வருது, குருவிய எங்க?”

அந்த மூன்று புத்தகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன். மேடம் என்னைப் பார்த்தார். பிறகு கார்டுகள் அடுக்கிய பெட்டியை இழுத்து, என் கார்டை எடுத்தார். கு. உலகம்மாள். இன்னும் கொஞ்ச நேரம் துழாவி இன்னொரு கார்டை எடுத்து, என் கார்டுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கார்டில் போட்டோ ஒட்டியிருக்கும்.

“யேசுவே” என்றார் மேடம் மெதுவாக. “எத்தன குருவிய அழிச்சேன்.”

வெயில் ஏறிவிட்டது, வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கேட்டைத் தாண்டும்போது கூப்பிட்டார்.

“யம்மா, இனிமே கூட்டம் சேரக் கூடாதுன்னு ஆளுக்கு ஒரு நேரம் குடுத்திருக்கோம். ஒங்களுக்கு வியாழக்கெழம, பதினொன்னர மணி. அடுத்த வாரத்துலருந்து.”

“சோறு பொங்குத நேரத்துல எப்படி மேடம் வர? காலைல போடுங்க.”

“பதினொன்னரதான். வந்தா புக்கு, வராட்டா இல்ல.”

பெரிய கலெக்டர் உத்தரவு. வெள்ளிக்கிழமை விடுமுறை, வியாழக்கிழமை உச்சி வெயில். அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

8 அக்டோபர், வியாழன்

போனேன். வட்டத்தில் நின்றேன். எனக்கு முன்னால் மாசிலாமணி அண்ணாச்சி. அவருக்கு முன்னால் நீல சுடிதாரில் ஒரு பெண், முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு கை இடுப்பில் ஊன்றியிருந்தது. வெயிலில் அவள் நிற்கிற நிலையைப் பார்த்து, பிள்ளைத்தாய்ச்சியை இப்படி நிற்க வைத்திருக்கிறார்களே என்று நூலகத்தின் மேல் இன்னும் கொஞ்சம் கோபப்பட்டேன்.

ஜெசிந்தா மேடம் கார்டை எடுத்துச் சத்தமாகக் கூப்பிட்டார். மற்றவர்களை இப்படிச் சத்தம் போட்டுக் கூப்பிடமாட்டார்.

“கு. செண்பகவல்லி!”

எழுதிவிட்டேன். எழுதக் கூடாது என்று சத்தியத்தில் இல்லை.

இன்னும் ‘கு’ தான். அப்பாவின் எழுத்து. கார்டை மாற்றவில்லை.

நான் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டேன். முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சொன்னவள் நான். மேடம் அதே சத்தத்தில், “எல்லாரும் மாஸ்க்க மூக்குக்கு மேல நல்லா ஏத்துங்க! மூஞ்சியே தெரியக் கூடாது, சொல்லிட்டேன்!” என்றார்.

நிமிர்ந்தேன். புத்தகத்தை வாங்கிக்கொண்டு அவள் திரும்பினாள். வெள்ளை மாஸ்க், கண்ணுக்குக் கீழே வரைக்கும். முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. நெற்றியும் கண்ணும் மட்டும். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். ஏழு மாசம் இருக்கும். நான் கணக்கில் தப்பமாட்டேன்.

ஒன்றும் பேசவில்லை. பேச மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேனே. அண்ணாச்சி, “வட்டத்த விட்டு வெளிய வந்துட்டிய, உள்ள போங்க” என்று என்னைச் சொன்னார். அப்போதுதான் பார்த்தேன், என் ஒரு கால் வட்டத்துக்கு வெளியே இருந்தது.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். கண்ணும் நெற்றியும் முகமாகுமா? ஆகாது என்று வாய்க்கால் பாலம் வரைக்கும் நிச்சயமாக இருந்தேன். வீட்டுக்கு வந்து சாமி அறையில் நிற்கும்போதுதான் உறைத்தது. அம்மனுக்கு வெள்ளிக் கவசம் சாத்துகிற அன்றைக்குக் கண்ணைத் தவிர என்ன தெரிகிறது? அன்றைக்குப் போய்விட்டு வந்தால் தரிசனம் கிடைக்கவில்லை என்றா சொல்கிறோம்?

அதைப் பற்றி மேலே எழுதவில்லை. சோறு குழைந்துவிட்டது.

15 அக்டோபர், வியாழன்

அதே நேரம், அதே வட்டங்கள். வெயில் மட்டும் கூடுதல். பக்கத்தில் வாதமரம் அவ்வளவு நிழலை வீணாக்கிக்கொண்டு நிற்கிறது. வட்டத்தை அங்கே போட்டால் என்ன என்று கேட்டேன். “அளந்து போட்டதும்மா. ஆபீசர் போட்டோ எடுத்துட்டுப் போயிருக்காரு. மாத்துனா கேள்வி வரும்” என்றார் மேடம். போட்டோவுக்காக வெயில்.

அவள் முறை வந்தது. மேடத்திடம்தான் பேசினாள். ஆனால் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி.

“மேடம், எனக்கு சாப்புட்டா நெஞ்சு எரியுது. தண்ணி குடிச்சாலும் எரியுது. அதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுத புக்கு ஏதாவது இருக்கா?”

மேடம் வாயைத் திறப்பதற்குள் நானும் மேடத்திடம் சொன்னேன்.

“மேடம், எனக்கும் ஒரு புத்தகம் வேணும். ஏழு மாசக்காரி புளியக் கொறச்சிக்கிடணும், சீரகத்த வறுத்துத் தண்ணியில போட்டுக் குடிக்கணும், சாப்பிட்ட ஒடனே படுக்கக் கூடாதுன்னு போட்டிருக்குமே, அந்தப் புத்தகம்.”

அண்ணாச்சி இரண்டு பக்கமும் பார்த்தார். “அது யாரு எழுதுன புஸ்தகம்?”

“தெரியாது. கேள்விப்பட்டிருக்கேன்.”

“மேடம்,” என்றாள் அவள், “புளி இல்லாம எப்படிச் சோறு எறங்கும்னு அந்தப் புக்குல போட்டிருக்கான்னு கேளுங்க.”

வாய் மட்டும் மாறவே இல்லை. இந்த வாய்க்குத்தான் சின்ன வயசில் எத்தனை அடி வாங்கியிருக்கிறாள்.

“எறங்காட்டா மோர் விட்டுக்கிடணும்னு போட்டிருக்கும் மேடம். டாக்டரம்மாட்ட ஒழுங்காப் போயிக் காட்டணும்னும் போட்டிருக்கும்.”

“மாசாமாசம் காட்டுதாங்களாம் மேடம்” என்றாள் அவள், வேறு யாரையோ பற்றிச் சொல்கிற மாதிரி. “ஜூன் மாசம் ஒரு தடவ மயக்கம் வந்து ஆம்புலன்சுலயே கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டு, அன்னைக்கே திருப்பி விட்டுட்டாங்களாம். வேற ஒண்ணும் இல்லையாம்.”

ஜெசிந்தா மேடம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். “ஏ ஆத்தா, நான் லைப்ரரி நடத்துதனா, தந்தி ஆபீஸ் நடத்துதனா? அண்ணாச்சி, நீங்கதான தபால்காரரு, வந்து இந்தச் சீட்டுல உக்காருங்க.”

அவள் சிரித்தாள். மாஸ்க்குக்குள் சிரித்தால் சத்தம் வேறு மாதிரி இருக்கிறது.

அந்த ஆம்புலன்ஸ். அந்த ராத்திரி. நான் உப்பில்லாத சாம்பார் வைத்த ராத்திரி. வீட்டுக்கு வந்து சாமி முன்னால் உட்கார்ந்தேன். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வாய்விட்டுச் சண்டைதான் போட்டேன். ஏழாம் மாசம் வளைகாப்புப் போட வேண்டியவள் நான். இரண்டு வட்டம் தள்ளி நின்றுகொண்டு புத்தகத்தின் பேரால் பேச வேண்டியிருக்கிறது. எட்டிப் பிடித்தால் கையில் அகப்படுகிற தூரம். இவர் பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி. சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்.

22 அக்டோபர், வியாழன்

வாசலில் கிடக்கும் மரஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். “அது எதுக்கு?” என்றார் இவர். “முட்டு வலி. எவ்வளவு நேரம் நிக்க முடியும்?” என்றேன்.

நேரத்துக்கு முன்னாலேயே போய் முதல் வட்டத்தில் ஸ்டூலை வைத்துவிட்டு என் வட்டத்தில் நின்றுகொண்டேன். அண்ணாச்சி நேராக வந்து அதில் உட்காரப் போனார்.

“அண்ணாச்சி, அது கால் ஆடும். விழுந்துருவிய.”

“பின்ன யாருக்குப் போட்டிருக்கு?”

“விழாதவங்களுக்கு.”

அவள் வந்தாள். ஸ்டூலைப் பார்த்தாள். அடையாளம் தெரியாமலா இருக்கும்? வீட்டுப்பாடம் எழுதினதெல்லாம் அதில் உட்கார்ந்துதானே. பலகையை ஒரு தடவை கையால் தடவிவிட்டு மெதுவாக உட்கார்ந்தாள். எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாள். கழுத்தில் வேர்வை. சடை பின்னத் தெரியவில்லை, இன்னும் கோணல் வகிடு.

மேடம் தானாக எடுத்து நீட்டிய புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஸ்டூலை எடுத்து வரவில்லை.

நடையில் செருப்பைக் கழற்றும்போதே இவர் கேட்டார். “ஸ்டூல எங்க?”

“லைப்ரரியில மறந்து வச்சிட்டேன்.”

“அதுல ஒரு காலு ஆடுமே.”

“ஆமா, ஆடும்.”

இவர் முகம் சிவந்துவிட்டது. “ஆடுற ஸ்டூல்ல உக்கார வச்சிட்டு வந்திருக்கியே, அறிவிருக்கா ஒனக்கு? இந்த நேரத்துல விழுந்தா என்ன ஆகும்?”

நான் யாரையும் உட்கார வைத்ததாகச் சொல்லவில்லை.

இவரும் சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பிறகு மாடிக்குப் போய்விட்டார். ரொம்ப நேரம் இறங்கி வரவில்லை. வாங்கி வந்த புத்தகத்தைத் திறந்தேன். இருபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு குருவி. பேனாவால் போட்டிருக்கிறாள். அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள். ஜெசிந்தா மேடம் பாவம்.

28 அக்டோபர், புதன்

காலையிலிருந்து மாடியில் ஒரே தட்டல். தலைவலியே வந்துவிட்டது. பரணில் கிடந்த கை வைத்த நாற்காலியை இறக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, காலுக்கு ஆணி அடித்து, நாலு காலிலும் ரப்பர் மாட்டியிருக்கிறார். தரையில் வைத்து நாலு பக்கமும் அமுக்கிப் பார்க்கிறார். பிறகு தானே உட்கார்ந்து பார்க்கிறார். சரஸ்வதி பூஜையன்று ஆயுதத்துக்குப் பொட்டு வையுங்கள் என்று நான் கெஞ்சியபோது சுத்தியல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்று சொன்ன மனுஷன்.

சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “நாளைக்கு எத்தன மணிக்கு?”

“பதினொன்னர.”

“நாக்காலிய நான் தூக்கிட்டு வாரேன். ஒன்னால முடியாது.”

“நீங்க எப்படி வருவிய? சத்தியம்…”

“நான் எங்க சத்தியம் பண்ணுனேன்?”

சோற்றுக்கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. உண்மைதான். தட்டை நீட்டியது இவர். சூடத்தை அணைத்தது என் கை மட்டும். இரண்டரை வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லை. எப்போது வேண்டுமானாலும் இவர் போயிருக்கலாம், பார்த்திருக்கலாம், பேசியிருக்கலாம். ஒரு வார்த்தை விசாரித்து வந்து என்னிடம் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்ல?

“ரசம் ஊத்து” என்றார்.

ஊற்றினேன்.

சீரகம் வறுத்துப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன். நாற்காலியின் கையில் வைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மாஸ்க் இரண்டு துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். ஒன்று எனக்கு, பெரியது இவருக்கு. ராத்திரிக்குள் காய வேண்டும்.